வெல்டுக்கு மேலே 40 மில்லிமீட்டர்: ஒரு பாய்லர் டியூப் வெடிப்பின் ஆய்வு

மின் நிலையத்தில் டியூப் வெடித்தால் முதலில் கூப்பிடுவது வெல்டரை. வெடித்த இடத்தை வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்ப்பது) பார்த்து யூனிட்டை ஓட்டிவிடுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. யூனிட் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அதே பக்கத்தில் இரண்டாவது தடவை வெடித்தால்தான் உலோகவியலாளர் நினைவுக்கு வருவார். இதுவும் அப்படி வந்த வேலைதான்.

210 மெகாவாட் யூனிட், நிலக்கரி பாய்லர், 14 வருடம் ஓடியது. டிரம்மில் (தண்ணீரும் நீராவியும் பிரியும் பெரிய கலம்) அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 340 டிகிரி செல்சியஸில். அடுப்பைச் சுற்றி நிற்கும் வாட்டர்வால் குழாய்கள் சாதாரணக் கார்பன் எஃகு, எஸ்ஏ-210 கிரேட் சி, வெளிவிட்டம் 63.5 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 6.3. பின் சுவரில் பர்னர்களுக்குச் சற்று மேலே, ஒரு குழாயில் வெடிப்பு. மாற்றிவிட்டு ஓட்டினார்கள். 11 நாள் கழித்து அதே மட்டத்தில், மூன்று குழாய் தள்ளி, இன்னொன்று போனது.

"மெட்டீரியல் மட்டம் சார். சப்ளையரைப் பிடிக்கணும், நீங்க ரிப்போர்ட் மட்டும் கொடுங்க" என்றார் பராமரிப்புப் பொறியாளர். ரிப்போர்ட் எதைச் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்த்தே வேலையைக் கொடுப்பது எங்கள் தொழிலில் சகஜம். சரி என்று சொல்லி, முதலில் துண்டை அனுப்பச் சொன்னேன்.

முதல் துண்டு

வந்தது பாதித் தடயம். காஸ் கட்டர் வைத்து, வெடிப்பின் கீழ் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வெட்டியிருந்தார்கள். வெட்டிய சூட்டில் அந்த முனையின் நுண் அமைப்பு மாறிப்போயிருந்தது. அதைவிட மோசம், உள்பக்கத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். "அழுக்கா இருந்துச்சு, உங்களுக்குப் பார்க்க வசதியா இருக்கட்டும்னு" என்று பின்னால் விளக்கம் வந்தது. நான் பார்க்க வேண்டியதே அந்த அழுக்கைத்தான்.

இருந்தாலும் வெடிப்பின் வடிவம் பேசியது. 90 மில்லிமீட்டர் நீளம், 45 அகலத்துக்குச் சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து பறந்திருந்தது, ஜன்னல் வைத்ததுபோல. ஓரங்கள் தடித்தே இருந்தன. எங்கும் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போகவில்லை. சுற்றளவை அளந்தேன், குழாய் உப்பவே இல்லை.

தண்ணீர் ஓட்டம் திடீரென்று தடைபட்டு, குழாய் 700, 800 டிகிரிக்குச் சூடாகி வெடித்தால் எஃகு முதலில் இளகி உப்பும், பிறகு மீன் வாய்போலப் பிளக்கும்; உதடு கத்தி முனைபோல மெலிந்திருக்கும். இங்கே அது இல்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதிகச் சூட்டில் கிடந்து போகும் குழாயில் உதடு தடிப்பாக இருக்கும்தான். ஆனால் நீளவாக்கில் பக்கம் பக்கமாக விரிசல்களும் கனத்த ஆக்சைடு ஓடும் கூடவே வரும். அதுவும் இல்லை. இந்த எஃகு இழுபட்டுப் போகவில்லை, முறிந்து போயிருக்கிறது. நல்ல கார்பன் எஃகு அவ்வளவு எளிதில் முறியாது.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி ஒரு வளையம் அறுத்து, மெருகேற்றி, நைட்டாலில் (ஆல்கஹால் கலந்த நைட்ரிக் அமிலம்) அரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். வெள்ளையாக ஃபெரைட் (ஏறக்குறையச் சுத்த இரும்பு), கறுப்பாக பெர்லைட் (இரும்பும் இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக), எல்லாம் புத்தகத்தில் போட்டிருப்பதுபோல. வேதியியல் கலவையும் கிரேடுக்குப் பொருந்தியது. "பொருளில் குறையில்லை, அதிகச் சூட்டுக்கான அடையாளமும் இல்லை" என்று ஒரு இடைக்கால மெயில் போட்டுவிட்டேன். அங்கே அதை "டியூப் நன்றாகத்தான் இருக்கிறது" என்று படித்துக்கொண்டார்கள். வெடித்த குழாயைப் பற்றி அப்படி ஒரு வரியை எழுத எனக்கு எந்த அவசரமும் இருந்திருக்கவில்லை.

அப்புறம் வெடிப்பின் ஓரத்தையே குறுக்காக அறுத்தேன். மைக்ரோஸ்கோப்பில் படம் மொத்தமாக மாறியது. வெளிச் சுவர்ப் பக்கம் பெர்லைட் வழக்கம்போல இருந்தது. உள்ளே போகப் போக அந்தக் கறுப்புத் திட்டுகள் வெளுத்து, கடைசி 2 மில்லிமீட்டரில் காணாமலே போயின. மிச்சம் வெறும் ஃபெரைட். அதன் படிகத் துகள்களின் எல்லைகளில் தலைமுடிபோலக் குட்டி விரிசல்கள், நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. கடினத்தன்மை எடுத்தேன்: தீ படாத முதுகுப் பக்கம் 152 விக்கர்ஸ், வெடித்த பக்கத்தின் உள் ஓரத்தில் 118.

ஹைட்ரஜன் சேதம். எஃகுக்குள் ஹைட்ரஜன் அணு புகுந்தால், பெர்லைட்டில் இருக்கும் இரும்புக் கார்பைடோடு வினைபுரிந்து மீத்தேன் ஆகிவிடும். அணுவாக உள்ளே வந்த ஹைட்ரஜனுக்கு எஃகின் இடுக்கு போதும்; மூலக்கூறாகிவிட்ட மீத்தேனுக்குப் போதாது. துகள் எல்லையில் மாட்டிக்கொண்டு அழுத்தம் சேர்ந்து, எல்லையையே பிளந்துவிடும். தடிமன் குறையாமல் வலிமை மட்டும் போகும்.

இது பாய்லர்காரர்கள் மட்டும் சந்தித்த தொல்லையல்ல. நூறு வருடத்துக்கு முன் அம்மோனியாத் தொழிலையே இது நிறுத்தப் பார்த்தது. ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் போஷின் உயர் அழுத்த வினைக்குழாய்கள் 80 மணி நேரம் ஓடி வெடித்தன. அறுத்துப் பார்த்தால் சுவரின் உள்பக்கத்தில் பெர்லைட் இல்லை. உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பில் ஒரு உறை, வெளியே அழுத்தம் தாங்கும் எஃகுச் சுவரில் ஹைட்ரஜன் கசிந்து வெளியேறச் சிறு துளைகள் என்று அவர் அதைத் தீர்த்தார். அவருக்கு ஹைட்ரஜன் குழாய்க்குள்ளேயே ஓடியது. எனக்கோ குழாய்க்குள் தண்ணீர்தான் ஓடியது. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது துண்டு

இந்தத் தடவை போனில் நிபந்தனை போட்டேன். ரம்பத்தால் வெட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வெடிப்புக்கு மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் சேர்த்து வேண்டும். தீப்பக்கம் எது, ஓட்டம் எந்தத் திசை என்று பெயின்டில் குறிக்க வேண்டும். இரண்டு முனையையும் மூடி அனுப்ப வேண்டும், உள்ளே யாரும் பிரஷ் விடக் கூடாது. "இவ்வளவு நீளமா வெட்டினா ரெண்டு வெல்டு அதிகம் சார்" என்று முனகினார்கள். ஆனால் அனுப்பினார்கள்.

துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து திறந்ததும் பதில் பாதி கிடைத்துவிட்டது. வெடிப்புக்குக் கீழே 40 மில்லிமீட்டரில் ஒரு சுற்று வெல்டு. அதன் ரூட் (வெல்டின் அடி விளிம்பு) உள்பக்கம் 3 மில்லிமீட்டருக்குத் துருத்திக்கொண்டு, வீட்டு வாசல்படிபோல நின்றது. தண்ணீர் கீழிருந்து மேலே போகும் குழாய் அது. படியில் இடறிய ஓட்டம், படியின் மறுபக்கம் சுழன்று தேங்கியிருக்கிறது. அங்கேதான் கறுப்பும் செம்மையுமாக ஒரு படிவு மேடு, ஓரத்தில் மெலிந்து நடுவில் தடித்து, வெடிப்பின் அடி ஓரம்வரை. நகத்தால் சுரண்டினால் மேல் அடுக்கு பொடியாக உதிர்ந்தது. அதன் கீழே கெட்டியான, கண்ணாடி மினுக்குள்ள மேக்னடைட் (கறுப்பு இரும்பு ஆக்சைடு) அடுக்குகள். இடையிடையே செப்புத் துணுக்குகள், விளக்கைச் சாய்த்தால் மின்னின. பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் ஹீட்டரின் பித்தளைக் குழாயிலிருந்து கரைந்து வந்த செம்பு.

முதல் துண்டில் இந்த வெல்டு ஏன் இல்லை என்று யோசித்தேன். காஸ் கட்டர் அறுத்த கோடு அந்த வெல்டுக்குச் சரியாக மேலே போயிருக்கிறது. பழைய வெல்டு சுவரிலேயே நின்றுவிட்டது. அதன் தலைமேல்தான் புதுத் துண்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

படிவை அளந்தோம். தீப்பக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 62 மில்லிகிராம், முதுகுப் பக்கம் 14. வழக்கமான அளவுகோலில் 15க்குக் கீழே இருந்தால் சுத்தம், 40ஐத் தாண்டினால் கெமிக்கல் கிளீனிங் தள்ளிப்போடக் கூடாத அழுக்கு. ஒரே குழாயின் இரு பக்கமும் இரண்டு எல்லையில் நின்றன. படிவைக் குறுக்காக வெட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அடுக்கடுக்காக எக்ஸ்ரே பகுப்பாய்வு எடுத்தபோது, மேல் அடுக்குகளில் குளோரின் இல்லை. உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசி அடுக்கில் இருந்தது.

படிவு ஒரு திரிபோல வேலை செய்யும். அதன் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, சூடான சுவரில் கொதித்து, ஆவி மட்டும் வெளியேறும். உப்பு அங்கேயே தங்கும். அடுப்பில் உப்புத் தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு ஏறுமே, அதேதான். என்ன, இங்கே அடுப்பு அணைவதே இல்லை. டிரம்மில் அளந்தால் கண்ணில் படாத அளவு குளோரைடு, படிவின் அடியில் ஆயிரம் மடங்கு செறிந்து நிற்கும். அது மெக்னீசியம் குளோரைடாக இருந்தால் இன்னும் வினை. அந்தச் சூட்டில் நீரோடு பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிவிடும். அமிலம் மேக்னடைட் காப்பைக் கரைத்து இரும்பைத் தொட்டால் ஹைட்ரஜன் அணு பிறக்கும். மேலே கெட்டிப் படிவு மூடியிருப்பதால் அது தண்ணீரோடு போக வழியில்லை, எஃகுக்குள் புகும்.

லேபில் பயிற்சிக்கு வந்திருந்த பையனுக்குக் காட்ட இரண்டு பழைய சோதனைகளைச் செய்தேன். குழாயின் முதுகுப் பக்கத்தில் ஒரு பட்டை, வெடித்த பக்கத்தில் ஒரு பட்டை. முதலாவதை வைஸில் பிடித்து மடக்கினோம். இரண்டு முனையும் ஒட்டும்வரை மடங்கியது, ஒரு கீறல் இல்லை. இரண்டாவது 20 டிகிரிகூட மடங்கவில்லை, ஓட்டுச் சில்லுபோலப் படக்கென்று முறிந்தது. சத்தமே வேறு மாதிரி இருந்தது. அடுத்து ஒரு வளையத்தைச் சரிபாதி நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினோம். சில நிமிடத்தில் வளையம் முழுக்க வெள்ளிச் சாம்பல் நிறம். தீப்பக்கத்தின் உள் ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் கரிக்கறுப்பு. மைக்ரோஸ்கோப் படம் பத்துப் பக்கம் வைத்தாலும் நம்பாத நிர்வாகம் இந்த வளையத்தைக் கையில் கொடுத்தால் நம்பிவிடும். அதற்காகவே ஒவ்வொரு வழக்கிலும் ஒரு வளையத்தை ஒதுக்கிவைப்பேன்.

லாக் புக்கும் ஒரு நோட்டும்

அந்த வெல்டு எப்போது வந்தது? மூன்று வருடம் முன் பின் சுவரில் 24 குழாய்ப் பேனல் ஒன்றை மாற்றியிருந்தார்கள். 24 குழாய்க்கும் ஒரே மட்டத்தில் சுற்று வெல்டு. ரேடியோகிராபி (கதிர்ப்படச் சோதனை) எடுத்தது பத்தில் ஒன்றுக்கு. வெடித்தவை பேனலின் 8ஆம், 11ஆம் குழாய்கள்.

துருத்திய ரூட் மட்டும் காரணமென்றால் மூன்று வருடம் ஏன் பொறுத்தது? தண்ணீரின் கதையைக் கேட்க நேரில் போனேன். ஷிஃப்ட் லாக் புக்கில் டிரம் நீரின் பிஎச் வருடம் முழுக்க 9.3, 9.4, 9.3. ஒரே மாதிரி கையெழுத்து, ஒரே மை. இவ்வளவு ஒழுங்காக எந்தப் பாய்லரும் நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. டிசிஎஸ் (கருவி அளவுகளைத் தானாகப் பதியும் கட்டுப்பாட்டுக் கணினி) பதிவைக் கேட்டு வாங்கினேன். ஏழு மாதம் முன் ஒரு வாரத்தில் கண்டென்சேட்டின் (நீராவி குளிர்ந்து திரும்பும் நீர்) கேஷன் கண்டக்டிவிட்டி (உப்புக் கலப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு), 0.2க்குள் இருக்க வேண்டியது, 2ஐத் தாண்டியிருந்தது. நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் டியூப் ஓட்டையாகி, உப்பான குளிர்விப்பு நீர் உள்ளே வந்திருக்கிறது. அதில் ஒரு ராத்திரி டிரம் பிஎச் 6.1க்கு இறங்கி ஐந்து மணி நேரம் கிடந்திருக்கிறது. லாக் புக்கில் அந்த ராத்திரியும் 9.3.

கெமிஸ்ட் அம்மாள் முதலில் எதுவும் பேசவில்லை. நான் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அன்னைக்கு டியூட்டி நான்தான் சார்" என்றார். மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். சொந்த நோட்டு. மணிக்கு மணி பிஎச், போட்ட பாஸ்பேட் அளவு, யாருக்கு எத்தனை மணிக்கு போன் செய்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. விடிகாலை 2:40க்கு எதிரே ஒரு வரி: 'யூனிட்டை நிறுத்தச் சொன்னேன். லோடு தேவை, ஓடட்டும் என்றார்கள்.'

"லாக் புக்ல இதை ஏன் எழுதலை மேடம்?"

"எழுதினேன். அந்தப் பக்கத்தைத்தான் காலையில மாத்திட்டாங்க."

இதை ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது, உண்மையும் விடுபடக் கூடாது. கடைசியில் டிசிஎஸ் வரைபடத்தை மட்டும் இணைத்து, "பதிவேட்டுக்கும் கருவிப் பதிவுக்கும் முரண்பாடு உள்ளது, கருவிப் பதிவே கணக்கில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். நோட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. கோழைத்தனம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆக ரிப்போர்ட்டின் காரணப் பகுதி மூன்று வரிதான். கண்டென்சர் கசிவால் பாய்லர் நீர் அமிலமானது. பேனல் வெல்டின் துருத்திய ரூட்டுக்கு மேலே, அதிக வெப்பம் வாங்கும் மட்டத்தில், சேர்ந்திருந்த படிவு அந்த அமிலத்தைப் பிடித்துச் செறித்து வைத்துக்கொண்டது. ஹைட்ரஜன் சேதம் சுவரின் உள்பாதியைத் தின்றது. தண்ணீரைச் சரிசெய்த பிறகும் படிவின் அடியிலிருந்த அமிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, பிளந்த துகள் எல்லை ஒட்டவும் செய்யாது. ஏழு மாதம் கழித்து வெடித்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சப்ளையர் மேல் பழி இல்லை. பராமரிப்புப் பொறியாளருக்கு இந்தக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை.

சரிசெய்தது

மீதி 22 குழாயையும் அந்த வெல்டு மட்டத்தில் பரிசோதிக்க வேண்டும் என்றேன். "திக்னெஸ் எடுத்துட்டோம் சார், எல்லாம் 6க்கு மேல" என்றார்கள். தடிமன் மீட்டர் இங்கே ஏமாற்றும். எதிரொலி நேரத்தை மட்டும் கணக்கிட்டு எண் காட்டும் கருவி அது. உள்ளே ஆயிரம் விரிசல் இருப்பதைத் தனியாகச் சொல்லாது. சேதமான எஃகில் ஒலி மெதுவாகப் போகும், சிதறும், மங்கும். அதைத் திரையில் அலைவடிவமாகப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவரை வைத்துப் பார்த்ததில் 7 குழாய் சிக்கின. அதில் இரண்டின் தடிமன் மீட்டர் எண் 6.2.

பேட் வெல்டு போடுகிறோம் என்று கிளம்பினார்கள், தடுத்தேன். உள்ளே கார்பன் செத்து விரிசல் ஓடிய சுவரின் மேல் வெல்டு உலோகத்தைக் குவிப்பது, கறையான் தின்ற உத்தரத்துக்கு பெயின்ட் அடிப்பதுதான். ஏழையும் சேதம் தாண்டி வெட்டி, பழைய வெல்டையும் சேர்த்து எடுத்து மாற்றினார்கள். புது வெல்டுகளுக்கு டிக் (ஆர்கான் வாயுக் காப்பில் செய்யும் வெல்டிங்) ரூட், நூறு சதவீதம் ரேடியோகிராபி.

கெமிக்கல் கிளீனிங் எப்போது என்பதில்தான் சண்டை. அவர்கள் முதலில் கழுவிவிட்டு அப்புறம் குழாய் மாற்றலாம் என்றார்கள், ஷட் டவுன் நாள் மிச்சமாகும் என்று. நான் நேர்மாறாகச் சொன்னேன். சேதமான குழாய் உள்ளே இருக்கும்போது அமிலம் விட்டால் அது விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும், கழுவியபின் ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். இதில் ஜெயித்தேன். டிரம் பிஎச் 8க்குக் கீழே போனால் யாரையும் கேட்காமல் யூனிட்டை நிறுத்தும் அதிகாரம் ஷிஃப்ட் பொறுப்பாளருக்கு வேண்டும் என்றும் எழுதினேன். அதற்குப் பதில் "பரிசீலனையில் உள்ளது".

17

கிளீனிங் முடிந்து ஹைட்ரோ டெஸ்டில் அழுத்தம் ஏற்றும்போது பின் சுவரில் ஒரு மெல்லிய பீய்ச்சல். பேனலின் 17ஆம் குழாய். நான் "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்திட்ட குழாய்.

துண்டை வரவழைத்து அறுத்தேன். மற்றவற்றில் சேதம் வெல்டுக்கு 40, 50 மில்லிமீட்டர் மேலே பரவியிருந்தது. இதில் ரூட்டை ஒட்டியே, வெல்டின் வெளித் தொப்பிக்கு நேர் கீழே, 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் இருந்தது. ஆனால் அதன் நடுவில் விரிசல் வெளிச் சுவர்வரை போயிருந்தது. அல்ட்ராசோனிக் புரோப் மேடு தட்டிய தொப்பியின் மேல் உட்காராது; அதனால் தொப்பி முடிந்த இடத்திலிருந்துதான் ஸ்கேன் தொடங்கியிருந்தோம். நடைமுறைத் தாளில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாளை எழுதியது நான்.

தொப்பியைச் சமமாக அரைத்துவிட்டு மிச்சம் 14 குழாயையும் மறுபடி பார்த்தோம். இன்னும் ஒன்று கிடைத்தது, 20ஆம் குழாய். இரண்டையும் மாற்றி யூனிட்டை எடுத்தார்கள். நடைமுறைத் தாளில் இப்போது முதல் வரி அந்த அரைப்பு.